டேராக்காரம்மா தைத்த கூரை

மயிலாப்பூரில் அந்த நாளில் தைத்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். தைத்ததைப் பிரித்துப் பேர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்குக் கட்டாயம் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைத்த கை என்பதால், லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரைக்கும் அவரை டேராக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். நேரில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவரும் என்னை ‘ஐயரே, நீ’ என்றுதான் பேசினார். அதில் இரண்டு பேருக்கும் குறையில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் மட்டும் கை தானாக ‘அவர்’ என்று எழுதுகிறது. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் வயதுதான் அவருக்கும் இருக்கும், முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. குள்ளம். குரல் மட்டும் ஆறடி. மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் குடிசை. லஸ் பக்கம் ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு கீற்றுச் சாய்ப்பு. அதில் கவிழ்த்துப் போட்ட கள்ளிப்பெட்டிமேல் கையால் சுற்றுகிற ஒரு தையல் மெஷின். ஜட்காவுக்குக் கூரைத்துணி, குடைக்குத் துணி, நாடாக் கட்டில், ரவிக்கை, எது வந்தாலும் தைப்பார். இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். அதற்குள் பாதி பிளேடைச் செருகிக் கட்டிய மூங்கில் துண்டு ஒன்று. அந்தப் பையில் அவர் கை போனால் துணி கொடுத்தவர்கள் துணியைப் பறித்துக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். “பிரிச்சிடலாம்” என்பதுதான் அடுத்த வார்த்தை.

என் மனைவிக்கு ஒரு முறை ரவிக்கை தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் கோயிலுக்குப் போகிறாள். தெப்பக்குளத்து ஓரம் எதிரே வந்த டேராக்காரம்மா நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்திருக்கிறார்.

“நில்லும்மா. எடது தோளு ஒரு நூலு ஏறிக்கினு கீது.”

“நன்னாத்தானே இருக்கு! யாருக்குத் தெரியப்போறது?”

“எனுக்குத் தெரிஞ்சிட்ச்சே. வா, வூட்டாண்ட போயி பிரிச்சிடலாம்.”

என் மனைவி கோயிலுக்குள் ஓடிவிட்டாள். சந்நிதி சந்நிதியாக நின்று, ஒன்றுக்கு மூன்றாகப் பிரதட்சிணம் செய்து, இனிமேல் போயிருப்பார் என்று வெளியே வந்தால், செருப்பு விட்ட இடத்தில் டேராக்காரம்மா குந்திக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே அந்தத் தோள் பிரிபட்டு மறுபடி தைபட்டது.

“ஏன்னா, இனிமே அவகிட்டத் துணி குடுக்காதேங்கோ. போட்டுண்டு வெளியில போகவே பயமா இருக்கு” என்றாள் என் மனைவி. தீபாவளிக்கு மறுபடி அவரிடமேதான் கொடுத்தாள். மற்றவர்கள் தைத்தது அவளுக்கு உடம்பில் உட்காரவில்லை.

கூடாரம் தைத்த இடத்திலிருந்து அவரை அனுப்பியதும் இந்தக் குணத்தால்தான். சண்டை நடந்த நாளில் கிண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் பெரிய கொட்டகை போட்டு, நூறு பெண்களை வைத்துக் கூடாரம் தைத்து அனுப்பினார். ஓவர்சியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, மடித்து அடுக்கிய கூடாரம் ஒன்றை இவர் இழுத்து விரித்து, உச்சித் தையலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்தே ஆகிவிட்டது, நீ யார் பிரிக்க என்று ஓவர்சியர் குதித்திருக்கிறார்.

“மய வந்து உன் கையெயுத்தப் பாத்துட்டா பெய்யும்?” என்று கேட்டாராம் டேராக்காரம்மா. மறுநாள் வேலை இல்லை. இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் கிடையாது. மீதி இருந்த கூடாரங்களை யார் பார்த்தார்களோ என்பதுதான் கவலை.

இந்தப் பிரிக்கிற குணம் துணியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் பெரிய வேலை என்றார்கள். தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் பையனுக்கு வேலையே இல்லை என்று தெரிந்தது. வேலை இல்லாதது அவருக்கு ஒன்றுமில்லை, கால்வாய்க் கரையில் யாருக்குத்தான் நிலையான வேலை! “இல்லன்னு சொல்லியிருந்தா குட்த்திருப்பேன். மொதத் தையலே பொய்யி. இதும்மேல எத்தினி தையல் போட்டாலும் நிக்காது” என்று தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். உறவுக்காரர்கள் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. அவரும் தைத்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

இப்படிப்பட்டவரிடம் நான் என் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

நான் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவன், கடைசி மூன்று வருஷம் ரேஷன் ஆபீசில். பதினோரு வருஷக் குமாஸ்தா வேலையில் கற்றது ஒன்றே ஒன்று, எதைக் கண்டாலும் நம்பர் போடுவது. வீட்டில் பருப்பு டப்பாவுக்கு நம்பர், குடைக்கு நம்பர், கொடியில் காயும் துண்டுக்கு நம்பர். நம்பர் போட்டுவிட்டால் உலகம் என் சொல் கேட்கும் என்று ஒரு திமிர். சண்டை முடிந்த மறுவருஷம் அந்த வேலையை விட்டேன். பட்டாளத்தார் கழித்துப் போட்ட பழைய வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். முன்னால் டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் உட்காரக்கூடிய கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. இப்போது பிக்கப் என்கிறார்கள். நாங்கள் குட்டி லாரி என்போம். அமெரிக்கா வண்டி. ஏலம் எடுத்தபோதே அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. பெட்ரோல் கிடைக்காத நாளில் அதை அடுப்புக் கரியை எரித்து வரும் வாயுவில் ஓட்டியிருக்கிறார்கள். கூண்டுக்குள் தலைக்கு மேலே இருந்த துணி புகையில் கறுத்து, கிழிந்து, தோரணமாகத் தொங்கியது. வண்டி குலுங்கினால் கூரைத் தகரத்தின் துரு தலையில் உதிரும்.

அந்த வண்டிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அடையாறு பக்கம் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அதை நடத்திய டாக்டரம்மா, சாந்தோம் குப்பங்களிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் பிள்ளைத்தாய்ச்சிகளை அழைத்துவர ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போது வெள்ளைப் புடவைத் தோளில் துரு.

“எஞ்சின் நல்லா இருக்கு. ஆனா துரு கொட்டுற வண்டியில நான் பேஷண்ட்டை ஏத்த மாட்டேன். கூரைக்குத் துணி போட்டு வைங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்க்கிறேன்” என்றார். யார் தைப்பார்கள் என்று கேட்டார். சொன்னேன். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, “அந்தம்மா வேலையை நான் பார்க்கணும். எனக்கு நாற்பது பெட்ஷீட்டும் ஆபரேஷன் கவுனும் தைக்கணும். கூரை நேரா வந்தா அந்த வேலையும் அவங்களுக்குத்தான்” என்றார்.

இதை டேராக்காரம்மாவிடம் சொன்னபோது அவர் மெஷின் சக்கரத்தை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் தைப்பது என்றால் வருஷம் முழுக்க வேலை. அது மட்டுமில்லை. “ஆஸ்பத்திரில கோணையா தச்சா ஏன்னு கேப்பாங்கோ, இல்ல? பிரின்னு சொன்னா பிரிக்க வுடுவாங்கோ?” என்று கேட்டார். விடுவார்கள் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. போதும் விடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லாத ஓர் இடம் அவருக்கு வேண்டியிருந்தது. என் வண்டிக் கூரைதான் அதற்கு வாசல்.

கூண்டுக் கூரை வேலை பார்த்தால் எளிது, செய்தால் கடினம். தகரத்துக்குக் கீழே குறுக்காக நாலு வளைகம்பிகள். துணியின் முதுகில் நாலு இடத்தில் குழாய் போலத் தைத்து, கம்பிகளை அவற்றில் நுழைத்து, இரு முனைகளையும் பக்கத்துத் துளைகளில் சொருகவேண்டும். கம்பி வில்லாக நின்று துணியைத் தூக்கிப் பிடிக்கும். பிறகு ஓரங்களை இழுத்து, கதவுக்கு மேலும் கண்ணாடிக்கு மேலும் ஓடும் மரச்சட்டத்தில் சின்ன ஆணிகளால் அடிக்கவேண்டும். நாலு கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வளைவில் மட்டும் விரற்கடை வித்தியாசம். எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத்தான் போகவேண்டும்.

அவருக்கு வேலை மிச்சம் ஆகட்டும் என்று, அவர் வருவதற்கு முன்பே நான் பழைய துணியை இறக்கிக் கம்பிகளைக் கழற்றிவிட்டேன். கழற்றித் தரையில் போட்டேன். துரு போகத் தேய்த்தேன். சிவப்புப் பெயிண்ட் அடித்துச் சுவரில் சாத்திக் காயவைத்தேன். காய்ந்த பிறகு, உயர்ந்த வளைவு முன்னால், அப்புறம் படிப்படியாகத் தாழ்ந்து பின்னால் என்று அழகாக வரிசைப்படுத்தி, வெள்ளைப் பெயிண்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நம்பர் போட்டேன். அந்த நம்பர்களைப் பார்த்து எனக்கே ஒரு கர்வம் வந்தது.

அந்த நாளில் நல்ல துணி கிடைப்பது குதிரைக் கொம்பு. பட்டாளத்துக் கூடாரங்களின் உள்பக்கம் வைத்துத் தைக்கிற மஞ்சள் துணி ஒரு சுருள் ஏலக் கடையில் கிடைத்தது. டேராக்காரம்மா அதைத் தடவிப் பார்த்து, பழைய சிநேகிதியைக் கண்டதுபோலச் சிரித்தார். பழைய கூரைத்துணியைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டு துண்டாகச் செய்தித்தாளில் பரப்பி, அந்த அளவுக்கே மஞ்சள் துணியை வெட்டினார். புதன்கிழமை மத்தியானத்துக்குள் தைத்தாகிவிட்டது. நான் நம்பர் சொல்லிக் கம்பியை எடுத்துக் கொடுக்க, அவர் வரிசையாக நுழைத்தார். வாயில் ஒரு பிடி ஆணியை அடக்கிக்கொண்டு, ஆசனத்தில் மல்லாந்து படுத்து, பின்னாலிருந்து முன்னால் இழுத்து இழுத்து அடித்தார். வாய் நிறைய ஆணி இருந்ததால் அந்த ஒரு மணி நேரம் திட்டு வாங்காமல் தப்பினேன்.

முடித்து, வண்ணார் துணிக்குத் தெளிப்பதுபோல வாயில் தண்ணீர் வைத்துக் கூரை முழுக்கத் தூவினார். கடல் காற்று வந்து காய்ந்ததும் துணி இறுகும் என்றார். காற்று வந்தது. காய்ந்தது. ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் துணி தொப்பையாகத் தொங்கியது. முன்னால் கண்ணாடிப் பக்கமோ தையல் விட்டுப்போகிற மாதிரி விறைத்து நின்றது.

“பிரிச்சிடலாம்” என்றார்.

ஆணிகளைப் பிடுங்கி, தொங்கிய இடத்தில் பிடித்துத் தைத்து மறுபடி ஏற்றினார். தொப்பை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. வியாழக்கிழமை காலையில் மறுபடி இறக்கினார். மஞ்சள் துணியைச் சாய்ப்பின் தரையில் விரித்து, பழைய துணித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து, கம்பிகளை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயரே, பய துணி ஒண்ணு சொல்லுது, கம்பி ஒண்ணு சொல்லுது. இந்த நம்பர நீ எப்போ போட்டே? கயட்டும்போதா, பெயிண்ட் அட்ச்சப்புறமா?”

எனக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது. தரையில் போட்டது, சுவரில் சாத்தியது, அழகு பார்த்து அடுக்கியது, எல்லாம். விளங்கிய அதே நொடியில் என் வாய், “கழட்டும்போதே போட்டேன். அதது இருந்த எடம்தான்” என்றது.

ஏன் சொன்னேன்? பதினோரு வருஷம் நம்பர் போட்டுச் சம்பளம் வாங்கியவன், நாலு கம்பிக்கு ஒழுங்காக நம்பர் போடத் தெரியாதவன் என்று கால்வாய்க் கரைப் பெண்பிள்ளையிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதுதான் உண்மை. அப்புறம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள் பல. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

அவர் நான் சொன்னதை அப்படியே நம்பினார். “அப்போ பய துணிதான் இய்த்துக்கினு கீது. அத்த நம்பி வெட்டுனது என் தப்பு” என்று உட்கார்ந்து இன்னொரு தரம் பிரித்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பிரித்தார், தைத்தார். தொப்பை போகவில்லை. நான் பக்கத்திலேயே நின்று ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆணி கொடுக்கும்போதும் சொல்லியிருக்கலாம்.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தார். ஏறி உட்கார்ந்து மேலே பார்த்தார். துரு இல்லை, துணி சுத்தம், நெருப்பாய்க் கொதித்த கூண்டுக்குள் இப்போது நிழல். “பரவாயில்லையே” என்றார். அந்த வார்த்தையோடு எல்லாம் முடிந்திருக்கும். டேராக்காரம்மா விட்டால்தானே!

“பரவால்ல இல்லம்மா. தல மேல பாரு, தொங்கிக்கினு கீது. வெட்டு தப்பு. என் கைத் தப்புதான். மூணு வாட்டி பிரிச்சிட்டேன், பிடிபடல.”

டாக்டரம்மா அவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மரியாதையான மனுஷி, சத்தம் போடவில்லை. “ஆபரேஷன் துணி எல்லாம் அளவு பிசகாம இருக்கணும்மா. இப்போதைக்கு வேற ஒருத்தர்கிட்டக் கொடுக்கிறேன். அப்புறம் பார்ப்போம்” என்றார். என் பக்கம் திரும்பி, “நீங்க திங்கட்கிழமையிலிருந்து வாங்க” என்றார்.

டேராக்காரம்மா தலையை ஆட்டிவிட்டு, சுருக்குப்பையைக் கட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு வேலை கிடைத்தது. அவருக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் அந்த வண்டியை ஓட்டினேன். சாந்தோம் குப்பத்துப் பெண்கள் வலியிலும் வாயாடுவார்கள். ஒருத்தி ஏறி உட்கார்ந்ததும் மேலே பார்த்து, “இன்னா டிரைவரே, கூரையும் முயுவாம இருக்குதா?” என்று கேட்டாள். கூட வந்த மாமியார்க்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கேலி வண்டியைவிட வேகமாக ஓடியது. லஸ் ஜட்காக்காரர்கள் அவரை ‘தொப்பைக் கூரைக்காரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜட்காக் கூரை வேலை குறைந்தது. யார் கேட்டாலும் அவர் மறைக்கவில்லை. “ஆமா, நான் தச்சதுதான். என் தப்புதான்” என்பார். அந்த வழியாகப் போகும்போது ஹாரன் அடிக்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் வண்டி கழுவும்போது ஆசனத்துக்கு அடியில் கிடந்த பழைய கூரைத்துணித் துண்டுகளைத் துடைக்க எடுத்தேன். குழாய்த் தையல் இருந்த இடங்களில் கம்பியின் துரு கோடு கோடாகப் பதிந்திருந்தது. முதல் கோட்டைவிட மூன்றாவது கோடு விரற்கடை நீளம். உயர்ந்த வளைவு இருக்கவேண்டிய இடம் மூன்றாவது துளை, ஆள் தலைக்கு நேர் மேலே. நான் அதற்கு ஒன்று என்று நம்பர் போட்டு முன்னால் வைத்திருந்தேன். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓரத்து ஆணிகளைப் பிடுங்கினேன். அவர் மூன்று தரம் பிடித்துத் தைத்த பிடிப்புகளை அவிழ்த்துவிட்டேன். கீழே அவருடைய முதல் தையல் அப்படியே இருந்தது. ஒன்றையும் மூன்றையும் மாற்றிச் சொருகி, ஓரத்தை இழுத்து அடித்து, தண்ணீர் தூவினேன். காற்று வந்தது. கூரை மத்தளத் தோல் மாதிரி ஏறி நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. புதன்கிழமை மத்தியானமே அவர் தைத்தது சரியாக இருந்திருக்கிறது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் ஆசனத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆண்பிள்ளை அழுததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

வண்டியை நேரே லஸ்ஸுக்கு ஓட்டினேன். அவர் ஒரு குடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். “வந்து பாரேன்” என்றேன். ஏறி உட்கார்ந்து மேலே பார்த்தார். விரலால் சுண்டினார். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது கம்பியிடம் கை நின்றது.

“கம்பிய மாத்திக்கினயா?”

“மாத்தினேன். நம்பர் பெயிண்ட் அடிச்சப்புறம்தான் போட்டேன். நீ கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். பொய் சொன்னேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கூரையைப் பார்த்தார், பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதமாகத் தன் கையைச் சந்தேகப்பட்ட ஒருவர் தன் கையைத் திரும்பப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

“மூணு மாசமா ரவிக்க வெட்டும்போதுகூட நாலு வாட்டி அளந்து பாத்துக்கினு இருந்தேன் ஐயரே” என்றார். அப்புறம், “இறங்காத. ஆஸ்பத்திரிக்கு வுடு வண்டிய. துணி சரியாக்கீது. அந்தம்மாகிட்ட சொன்ன வார்த்தயத்தான் பிரிக்கணும்” என்றார்.

“அங்கே அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லலையே...”

“அதான். அத்தத்தான் பிரிக்கணும்.”

அடையாற்றுப் பாலம் வரைக்கும் நான் மனசுக்குள் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே ஓட்டினேன். இந்த வண்டி போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. வேலையை விட்டவனை ரேஷன் ஆபீசில் மறுபடி சேர்க்க மாட்டார்கள். டேராக்காரம்மா மேலே கூரையைப் பார்த்தபடி வந்தார்.

டாக்டரம்மா வராந்தாவில் இரண்டு நர்சுகளோடு நின்றிருந்தார். நான் கைகட்டி நின்று ஆரம்பித்தேன்.

“மேடம், கூரை விஷயத்துல ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சு...”

“பிரி” என்றார் பக்கத்திலிருந்து டேராக்காரம்மா. “மொதல்லேர்ந்து சொல்லு.”

மறுபடி ஆரம்பித்தேன். “கம்பிங்க இடம் மாறிப்போயிருந்தது. இவங்க தையல்ல தப்பு இல்லை. அது எப்படியோ...”

“எப்டியோ இல்ல. கம்பி தானா நடந்து போச்சா? பிரி.”

நர்சுகள் சிரிப்பை அடக்கினார்கள். என் காது சூடேறியது. டாக்டரம்மா சிரிக்காமல் என்னையே பார்த்தார். மூன்றாவது தரம் ஜோடனை செய்ய என்னிடம் துணி மிச்சம் இல்லை.

“கம்பியை மாத்தி நம்பர் போட்டது நான். இவங்க கேட்டாங்க. தெரிஞ்சும் பொய் சொன்னேன். நீங்க இவங்களுக்கு வேலை இல்லைன்னு சொன்னப்போ பக்கத்துல நின்னுண்டு வாயை மூடிண்டிருந்தேன். இவங்க தச்சது முதல் நாளே சரியா இருந்தது.”

டேராக்காரம்மாவைப் பார்த்தேன். இந்தத் தடவை ‘பிரி’ வரவில்லை.

டாக்டரம்மா வராந்தாவிலிருந்து இறங்கி, வண்டிக்குள் ஏறி, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். “வண்டி வரட்டும்” என்றார் என்னிடம். “ஆனா இனிமே நீங்க ஒண்ணு சொன்னா, நான் இன்னொரு தரம் கேட்டுத்தான் நம்புவேன்.” கடைசி வரைக்கும் அப்படித்தான் செய்தார். நேரம் சொன்னால்கூட நர்சிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்வார். எனக்கு அது வேண்டியதுதான்.

பிறகு டேராக்காரம்மா பக்கம் திரும்பினார். “அப்போ கொடுத்த இடத்தில சரியா வரலைம்மா. நாற்பது பெட்ஷீட், பன்னிரண்டு கவுன். எத்தனை நாள் ஆகும்?”

அவர் விரல்விட்டு எண்ணினார். “தைக்க இருவது நாளு. பிரிக்க ஒரு பத்து நாளு சேத்துக்கோம்மா.”

நர்சுகள் இப்போது வாய்விட்டே சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வராந்தா மேஜைமேல் இருந்த நோட்டை எடுத்து முப்பது நாள் என்று எழுதிக்கொண்டார்.